ஆண்கள் குளிக்கும் பாறை

தெளிந்த தண்ணீரில் மீன் பிடிக்க நான் மலைநாட்டில்தான் பழகினேன். தொழில்நுட்பக் கல்லூரி முடிந்து ஒரு நீர்மின் நிலையத்தில் பயிற்சியில் இருந்த காலம். வேலை விட்டதும் நீர்த்தேக்கக் கரையில் தூண்டிலோடு நிற்போம். அடியில் கிடக்கும் கற்கள் வரை தெரியும். நமக்கு மீன் தெரிந்தால் மீனுக்கும் நம்மைத் தெரியும். ஆகவே நிழல் தண்ணீரில் விழக் கூடாது. மங்கிய நிறத்தில் சட்டை போட வேண்டும். நூல் மெல்லியதாக இருக்க வேண்டும். இரை சத்தமில்லாமல் விழ வேண்டும். நான் பெண் என்பது இந்த விதிகள் எதிலும் இல்லை. அங்கே யாரும் அதைப் புதிதாகச் சேர்க்கவும் இல்லை.

பிறகு தர்மபுரத்துப் பக்கம் எங்கள் வீட்டுக்கே திரும்பி, வயல்களில் நீர்ப்பம்பி பூட்டும் வேலையில் சேர்ந்தேன். எங்கள் குளத்தில் அப்படியான தண்ணீர் ஒரே இடத்தில்தான் உண்டு. கோடை முடிவில் குளம் வற்றி எங்கும் சேறும் தாமரைக் கொடியுமாகக் கிடக்கும்போது, குளக்கட்டின் ஒரு மூலையில் பாறையடியில் மட்டும் ஆழமும் தெளிவும் மிஞ்சும். விரால்கள் அங்கேதான் ஒதுங்கும். ஊர் ஆண்கள் குளிக்க வருவதும் அங்கேதான்.

முதல் நாள் நான் விராலுக்கு இரையாகத் தூண்டிலில் மாட்டிய ரப்பர் தவளையை எறிந்துகொண்டிருந்தபோது, சாரத்தை மடித்துக் கட்டியபடி வந்த சிலர் குளக்கட்டிலேயே நின்றுவிட்டார்கள்.

"தங்கச்சி, இது ஆம்பிளையள் குளிக்கிற இடம்," என்றார் முன்னால் நின்றவர். ஊரில் உழவு இயந்திரம் வைத்திருப்பவர் அவர்.

"ஓம் அண்ணை, தெரியும். குளியுங்கோ."

"நீங்கள் நிண்டால் எப்பிடிக் குளிக்கிறது?"

"சவுக்காரம் போட்டுத்தான்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"விடிய வந்து பிடிக்கலாம்தானே?"

"விடிய எனக்கு வேலை. நீங்கள் விடிய வந்து குளிக்கலாம்தானே?"

அடுத்தடுத்த நாட்களில் என்னை அங்கிருந்து கலைக்கப் பார்த்தார்கள். பாறை உச்சியிலிருந்து கத்திக்கொண்டு குதித்தார்கள். அவர்கள் அந்தப் பக்கம் குதிக்க, மீன் கலைந்து என் காலடியில் இருந்த பாறை வெடிப்புக்குள் வந்தது. "இன்னும் ரெண்டு பேர் குதியுங்கோ அண்ணை, எல்லாம் இஞ்சாலதான் வருது," என்றேன். அதோடு குதிப்பது நின்றது. உழவு இயந்திரக்காரர் அப்பாவிடம் போனார்.

அப்பா மலையகத்திலிருந்து வந்து இங்கே காடு வெட்டி வயலாக்கியவர். இங்கத்தைய பேச்சு இன்னும் அவர் வாயில் ஏறவில்லை.

"அவுங்க குளிக்கிற எடத்துல போயி நிக்கிறியாமே? மழ வரப்போகுது. உழவுக்கு அவரு மெசின்தான் வரணும். கொஞ்ச நாளைக்கு அந்தப் பக்கம் போகாம இரும்மா."

"போகாட்டி மெசின் வரும். பிறகு அந்தப் பாறைக்கு நான் போகேலாது அப்பா."

"பாறையில என்ன வெளையுது?"

ஒரு நாள் விலகினால் என் இடம் போய்விடும் என்பது எனக்குத் தெரியும். மறுநாளும் போனேன்.

அன்று உழவு இயந்திரக்காரர் தன் இயந்திரத்தையே பாறைக்கு அருகில் இறக்கிக் கழுவத் தொடங்கினார். எண்ணெய் தண்ணீரில் நிறம் நிறமாகப் பரவியது.

"என்ன பாக்கிறீர்? இதுவும் இடைஞ்சலோ?"

"இல்லை அண்ணை. பொம்பிளை நிக்கேக்கை குளிக்க மெசினுக்கு வெக்கம் இல்லையோ எண்டு பாத்தனான்."

குளித்துக்கொண்டிருந்தவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். அவர் ஒரு பின்சில்லைக் கழுவாமலே இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு போனார்.

அந்த இயந்திரம் எங்கள் வயலுக்கு வரவில்லை. இரண்டு பக்கத்து வயல்களையும் உழுது, எங்கள் வரம்போடு திரும்பிப் போனது. அப்பா அலைந்து உருத்திரபுரத்திலிருந்து ஒன்றைப் பிடித்தார். அது வந்து சேர்ந்தபோது முதல் மழை விழுந்துவிட்டது. அந்த மாரிக் காலபோகத்தில் எல்லோருக்கும் பிந்தி விதைத்தது நாங்கள்தான். அது எனக்குச் சின்ன விஷயம் அல்ல. ஆனாலும் வேலை முடிந்ததும் தூண்டிலை எடுத்தேன்.

உழவு இயந்திரக்காரர் இப்போது வீட்டுக் கிணற்றில் குளிக்கிறாராம். மற்றவர்கள் ஒவ்வொருவராகப் பாறைக்குத் திரும்பி வந்தார்கள். பெருமழையில் குளம் நிறைந்து கலங்குவதற்கு முந்திய ஒரு மாலை, வயதான ஒருவர் சாரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

"பிள்ளை, கொஞ்சம் அங்கால திரும்புங்கோ. உடுப்பு மாத்த வேணும்."

"திரும்பேலாது ஐயா. விரால் ஒண்டு தவளைக்குப் பின்னால வருது."

அவர் எட்டித் தண்ணீருக்குள் பார்த்தார். "ஓம், வருது," என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டு, நிழல் விழாமல் குனிந்து பாறைக்குப் பின்னால் போனார்.