ஆறு ஸ்பூன் சோறும் அம்மாவும்

அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம் என்ற எண்ணம் முதன்முதலில் எனக்கு வந்தது பழைய குற்றாலத்துப் படியில், ஈரத் துணியோடு உட்கார்ந்திருந்தபோது. நல்ல சீசன். அருவியில் பெண்கள் பக்கம் ஒரே நெரிசல். எனக்கு முன்னால் நின்ற ஒரு சிறுமி கொஞ்சம் யோசித்துவிட்டு என் முதுகுக்குப் பின்னால் வந்து ஒண்டிக்கொண்டு தன் தாயைக் கூப்பிட்டாள். "எம்மா, இங்கன வா. இந்த அக்கா பின்னாடி நின்னா தண்ணி வலிக்கவே இல்ல."

அவள் என்னைக் கேலி செய்யவில்லை. நல்ல இடம் கண்டுபிடித்த சந்தோஷம் அவளுக்கு. அவள் தாயும் வந்து நின்றுகொண்டாள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

திரும்பும்போது படியில் நான்கு இடத்தில் உட்கார்ந்தேன். நான் உட்கார்ந்த நான்கு இடத்திலும் அம்மாவும் உட்கார்ந்தாள். முட்டு வலிக்குது என்றாள். சுத்தப் பொய். தண்ணீர்க் குடத்தோடு மாடி ஏறுகிறவள் அவள். மூன்றாவது தடவை உட்கார்ந்தபோது கைப்பேசியை எடுத்துத் தேடத் தொடங்கியிருந்தேன். நான்காவது தடவை அவளிடம் சொல்லிவிட்டேன். இரைப்பையைச் சின்னதாக்கும் ஆபரேஷன் ஒன்று இருக்கிறது, எனக்கு அது வேண்டும்.

எனக்கு எதுவும் அப்படித்தான். ஒன்றைப் பிடித்துவிட்டால் அன்றைக்கே முடிக்க வேண்டும். எம்.எஸ்சி. முடித்துவிட்டு மேலகரத்து வீட்டில் இருந்தபடியே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கிறேன். குற்றாலத்துக்கு முந்திய மூன்று வருடத்தில் எத்தனையோ டயட்டுகளைப் பிடித்து, எல்லாவற்றையும் விட்டிருந்தேன். சர்க்கரை எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தது. தூக்கத்தில் எனக்கு மூச்சு நின்று நின்று வருவதை அம்மாதான் பக்கத்தில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். மதுரையில் ஒரு மருத்துவரைப் பார்த்தோம். அவர் சொன்னதை வீட்டில் ஒரு வாழைக்காயை வைத்து அம்மாவுக்கு விளக்கினேன். இனிமேல் இரைப்பை இவ்வளவுதான், மிச்சத்தை வெட்டி எடுத்துவிடுவார்கள். அம்மா அந்த வாழைக்காயை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுல என்னட்டி கொள்ளும்?" என்றாள். அன்றைக்கு அதையே பொரியல் வைத்தாள். அப்பா வெளி மாவட்டத்தில் போலீஸ் வேலையில் இருக்கிறார். அவர் மருத்துவருக்குப் போன் போட்டு, குற்றவாளியை விசாரிப்பதுபோல் அரைமணி நேரம் விசாரித்து, கடைசியில் சரி என்றார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வயிற்றில் ஐந்து சின்னத் துளைகள், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்த பிறகுதான் கதை.

அம்மாவுக்கு வயிற்றில் கத்தி பட்டால் அது பிள்ளைப்பேறு. வேறு எதுவும் அவளுக்குத் தெரியாது. அதனால் பிள்ளை பெற்றவளுக்கு நடக்கும் எல்லாமும் எனக்கு நடந்தது. நொச்சி இலை போட்ட வெந்நீர், தலைக்குச் சாம்பிராணி, காதில் பஞ்சு. வீடியோ மீட்டிங்கில் என் மேலதிகாரி, காதில் என்ன பிரச்சினை என்று கேட்டார். அறுவை சிகிச்சை என்றேன். காதிலா என்றார். விளக்குவதற்குள் மீட்டிங் முடிந்துவிட்டது.

ஏழாவது வாரம் உளுந்தங்களி கிண்டினாள். கருப்பட்டி தாராளம், நல்லெண்ணெய் அதைவிடத் தாராளம். நாலு வாய்தானே தின்கிறாள், அந்த நாலு வாயிலேயே முழுச் சத்தும் இறங்கட்டும் என்பது அவள் கணக்கு. மணம் தாங்காமல் இரண்டு உருண்டை விழுங்கினேன். கால்மணி நேரத்தில் நெஞ்சு தடதடவென்று அடித்தது, வேர்த்துக் கொட்டியது, தரையில் படுத்துவிட்டேன். இனிப்பு நேராகக் குடலுக்குள் இறங்கினால் இப்படி ஆகும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். நான்தான் அம்மாவிடம் சொல்ல மறந்திருந்தேன். சற்று நேரத்தில் எனக்குச் சரியாகிவிட்டது. அவளுக்குத்தான் சரியாகவில்லை. மிச்சக் களியை என் கண்ணில் படாமல் எங்கேயோ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். அதன் பிறகு இனிப்பு என்று எதுவும் அடுப்பில் ஏறவில்லை.

மாதங்கள் ஓடின. தலைமுடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது, பிறகு நின்றது. கையை உயர்த்தினால் தோல் ஒரு தொட்டில் மாதிரி தொங்கியது. தரையில் உட்கார்ந்தால் எலும்பு உறுத்தியது. எனக்கு எலும்பு இருக்கிறது என்பதே எனக்குப் புதுச் செய்தி. சாரல் காற்று வந்தால் ஊரே ஜன்னலைத் திறந்து வைக்கும். நான் ஸ்வெட்டர் தேடினேன். பக்கத்து வீட்டு அத்தை அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, பிள்ளைக்கு ஏதும் சீக்கா என்று கேட்டாளாம். படி ஏற முடிந்தது, நன்றாகத் தூங்க முடிந்தது, சர்க்கரையும் இறங்கியிருந்தது. நான் ஒரே குஷியில் இருந்தேன். என் எடையைக் குறித்துக் குறித்து, வரைபடம் போட்டு அப்பாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். அந்தக் குஷியில் அம்மாவை நான் கவனிக்கவே இல்லை.

கவனித்தது தென்காசியில் எங்கள் துணி தைக்கும் அண்ணாச்சி. என் சுடிதார்களைப் பிடித்துத் தைக்கக் கொண்டுபோயிருந்தோம். நான் என் மூட்டையை இறக்கி வைத்த பிறகு, அம்மா தன் பையிலிருந்து ஆறு ஜாக்கெட்டுகளைச் சத்தமில்லாமல் எடுத்து வைத்தாள். அண்ணாச்சி அளவு நாடாவை அவள்மேல் வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ரெண்டு பேருக்குமா ஆப்பரேசன்?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் ரவிக்கையின் பின்பக்கம் இரண்டு ஊக்குகள் குத்தியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் யோசித்தேன். யோசிக்க ஒன்றுமில்லை, எல்லாம் கண்ணெதிரே நடந்ததுதான். எங்கள் வீட்டில் இருவரும் எப்போதும் சேர்ந்துதான் சாப்பிடுவோம். முன்பு நான் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டு முடிப்பதற்குள் அவளும் நிதானமாகத் தன் சாப்பாட்டை முடித்திருப்பாள். இப்போது எனக்கு ஆறு ஸ்பூன். ஐந்து நிமிடத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டு லேப்டாப்புக்கு ஓடிவிடுவேன். நான் எழுந்தால் அவளும் எழுந்துவிடுவாள். தட்டில் என்ன இருக்கிறதோ, அப்படியே. முந்தின வாரம் அவள் துணி காயப்போடும் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றதும், கேட்டபோது வெயில் என்று சொன்னதும் ஞாபகம் வந்தது. அன்றைக்கு வெயிலே இல்லை.

நேராகக் கேட்டுவிட்டேன். முதலில், வயசானா பசிக்காது என்றாள். விடாமல் கேட்டேன்.

"நீ எந்திரிச்சுப் போன பொறவு நான் மட்டும் அங்கன உக்காந்து என்ன செய்ய? சோறு எறங்க மாட்டேங்கு."

"நான் வேணா பக்கத்துல உக்காந்திருக்கேன்."

"நீ ஒண்ணும் திங்காம பாத்துக்கிட்டு இருப்ப, நான் மட்டும் முழுங்கணுமாக்கும்."

முயன்று பார்த்தேன். பக்கத்தில் சும்மா உட்கார்ந்தால் அவள் கை தட்டில் நின்றுவிடும். அதட்டிப் பார்த்தேன், அப்பாவிடம் சொல்லி அதட்டச் சொன்னேன். இரண்டு நாள் நான் பார்க்கும்போது மட்டும் கூடுதலாகப் போட்டுக்கொண்டு, பிறகு அதை மத்தியானம் காக்காய்க்கு வைத்தாள்.

தீர்வு என் மேஜை இழுப்பறையில், ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் இருந்தது. அதை நான் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன், கடைப்பிடித்ததில்லை. ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மெல்ல வேண்டும். ஒரு வாய் இறங்கிய பிறகே அடுத்தது. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம். ஐந்து நிமிடத்தில் அள்ளிப்போட்டுவிட்டு, வாரத்துக்கு இரண்டு தடவை நெஞ்சில் அடைத்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். பழியை அம்மாவின் குழம்பின்மேல் போட்டிருந்தேன். அவள் அதையும் நம்பிக் காரத்தைக் குறைத்திருந்தாள்.

மறுநாள் மத்தியானம் லேப்டாப்பை மூடிவிட்டு, டீஸ்பூனோடு உட்கார்ந்தேன். எனக்கு அதுபோல் கஷ்டமான காரியம் வேறில்லை. குழைந்த சோறும் பருப்பும். ஒரு வாய் போட்டுவிட்டு ஸ்பூனைக் கீழே வைக்க வேண்டும். கை பரபரக்கிறது, கால் ஆடுகிறது. அடுத்த வாய்க்கு முன்னால் நேரத்தைக் கொல்ல அம்மாவிடம் எதையாவது கேட்டேன். அத்தை வீட்டில் என்ன சண்டை, அப்பாவைக் கல்யாணத்துக்கு முன்னால் பார்த்தாயா. அவள் பேசிக்கொண்டே சாப்பிட்டாள். முதல் நாள் பாதியில் எனக்குப் பொறுமை போய்விட்டது. மூன்றாவது நாள் இருபது நிமிடம் தாக்குப்பிடித்தேன். வாந்தி நின்றது. அது எனக்குக் கிடைத்த இனாம்.

ஒன்பதாவது நாளோ பத்தாவது நாளோ, நான் நாலாவது ஸ்பூனில் இருந்தபோது அவள் கை சோற்றுப் பானைக்குப் போனது. ரசத்துக்கு ஒரு கரண்டிச் சோறு வைத்துக்கொண்டாள். நான் பார்க்காததுபோல் மென்றுகொண்டிருந்தேன்.

"ஏட்டி, என்னத் திங்க வைக்கத்தான இம்புட்டு நேரமா கொறிக்க?"

இல்லை, டாக்டர் சொன்னார் என்றேன்.

"டாக்டர் ஆறு மாசத்துக்கு முந்தியே சொன்னாரு." ரசத்தை ஊற்றிக்கொண்டாள். "மெல்லு, மெல்லு. நான் இன்னும் மோருக்கு வரல."

அன்றைக்குப் போட்டிருந்த, பிடித்துத் தைக்காத ரவிக்கையில் இப்போது ஊக்கு ஒன்றாகக் குறைந்திருக்கிறது. தைத்து வந்த ஜாக்கெட்டுகளைத் திரும்பப் பிரிக்க வேண்டியிருக்கும் என்று அண்ணாச்சியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

அடுத்த மாதம் வாசுதேவநல்லூரில் மாமா மகன் கல்யாணம். வீட்டில் ஜெயித்ததைப் பந்தியில் ஜெயிக்க முடியுமா என்பதுதான் இப்போது என் கவலை. எங்கள் பக்கத்துப் பந்தியில் சாம்பாரிலிருந்து மோர்வரை புயல் மாதிரி வந்து போய்விடும். கால்மணி நேரம் ஆனால் அடுத்த பந்திக்காரர்கள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு முதுகுக்குப் பின்னால் நிற்பார்கள். நான் மூன்றாவது ஸ்பூனில் இருப்பேன், வரிசையே எழுந்துவிடும். இலையில் வைத்ததை நான் ஏன் தின்னவில்லை என்று பரிமாறுகிறவர் கேட்பார், அம்மா எனக்காகப் பதில் சொல்லிச் சொல்லியே பசியோடு எழுந்துவிடுவாள். அவள் இப்போதே, பந்தி வேண்டாம், வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக்கொள்ளலாம் என்கிறாள்.

நான் கடைசிப் பந்தி என்று முடிவு செய்திருக்கிறேன். பின்னால் நிற்க யாரும் இருக்க மாட்டார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு துளி போடச் சொல்வேன், பாயசம் முழுவதும் அம்மா இலைக்கு. கடைசிப் பந்திக்கு அப்பளம் மிஞ்சாது என்கிறாள் அவள். அப்பளம் இல்லாமல் அவளுக்குப் பாயசம் இறங்காது. உட்கார்ந்த பிறகு நான் எழுந்துபோய் வாங்கி வரவும் முடியாது. நான் எழுந்தால் அவளும் எழுந்துவிடுவாள். அதனால் முகூர்த்தம் முடிந்ததும் நேராகச் சமையல்காரரிடம் போய், அப்பளத்தில் நாலை ஒரு டப்பாவில் போட்டு வாங்கி வைத்துக்கொள்ளப் போகிறேன். டப்பா நேற்றே எடுத்து வைத்தாகிவிட்டது.