மலிவு விலையில் அமைதி

பழைய மின்சாமான் குவியலுக்கு முன்னால் அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, செத்துப்போன ஜெராக்ஸ் மெஷினின் போர்டு ஒன்றை முகர்ந்து பார்க்கிறார். கருகல் வாடை இல்லையென்றால் மடியில் வைத்துக்கொள்வார். இருந்தால், புழுத்த கத்தரிக்காயைப் பார்த்த முகத்தோடு திரும்பப் போட்டுவிடுவார். அடுத்து ஒரு கண்டென்சரை உள்ளங்கையில் வைத்து மெல்ல ஏற்றி இறக்குகிறார். பெரிய கூட்டுக்குள் சின்னதை ஒளித்து விற்கிற போலிகள் அங்கே ஏராளம்.

"பார்த்தா பயில்வான், தூக்கினா பஞ்சு. இதை நீங்களே வச்சுக்கங்க" என்று கடைக்காரரிடம் நீட்டுகிறார். கடைக்காரருக்கும் சிரிப்பு வந்துவிடுகிறது.

பழைய மின்சாமான் சந்தையில் அவருக்குக் 'கண்டென்சர் அண்ணன்' என்று பெயர். வார நாட்களில் லேத் பட்டறையில் இரும்பு கடைகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில், தான் பாட்டுக் கேட்கும் ஆம்ப்ளிஃபயரைத் தானே செய்துகொள்ளச் சாமான் பொறுக்குகிறார். புதுச் சாமான் வாங்குவது அவரைப் பொறுத்தவரை தோல்வி. சூட்டைத் தணிக்கும் அலுமினியத் தகடு ஒரு வெல்டிங் மெஷினின் மிச்சம். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் முன்பு யார் வீட்டிலோ துணி துவைத்துக்கொண்டிருந்தது. ஸ்பீக்கர் பெட்டி, மச்சான் வீட்டு அலமாரிக் கதவு. சொந்தத்தில் எவர் வீட்டு டிவி கண்ணை மூடினாலும் முதலில் துக்கம் விசாரிக்க வருபவர் இவர்தான், அதுவும் சட்டைப் பையில் திருப்புளியோடு. மச்சான் இப்போதெல்லாம் வீட்டில் எது பழுதானாலும் மூச்சு விடுவதில்லை.

இத்தனை பாடும் பாட்டுக்காக என்று நினைத்தால் அது தப்பு. ஆம்ப்ளிஃபயரைப் போட்டுவிட்டு, பாட்டே வைக்காமல் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். திரைச்சீலை அசையும். மதிய வெயில் தரையில் நகர்ந்து அவர் காலைத் தொடும். அவர் அசையமாட்டார்.

"பாட்டுக்கு முன்னாடி ஒரு அமைதி இருக்கு பாருங்க, குளத்துத் தண்ணி மாதிரி. அது கலங்காம இருந்தாத்தான் குரல் அதுமேல மிதக்கும்" என்பார். சொல்லும்போது குரலும் தணிந்துவிடும்.

அந்த அமைதி முழுசாகக் கிடைத்தது என்று அவர் நம்பிய நாளும் வந்தது. ஆம்ப்ளிஃபயருக்கு மின்சாரம் கொடுக்க ஒரு சின்னத் தகரப் பெட்டி சந்தையில் அகப்பட்டது. இவர் கேட்ட விலைக்கே கடைக்காரர் கொடுத்துவிட்டார். ஏன் அவ்வளவு மலிவு என்று இவரும் கேட்கவில்லை. மாட்டிப் பார்த்தார். இலை அசைகிற சத்தம்கூட இல்லை. அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஒன்றுமே கேட்காததைக் கேட்கச் சொன்னார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் காதைத் தேய்த்துக்கொண்டார். பிரமாதம் என்று சொல்லிவிட்டுச் சீக்கிரமே கிளம்பினார்கள். வாயடைத்துப் போய்விட்டார்கள் என்று இவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

மனைவிதான் போட்டு உடைத்தார்.

"என்னங்க, கொசு காதுக்குள்ள பூந்த மாதிரி கீய்ங்னு கேக்குது. அந்தப் பெட்டியிலேருந்துதான்."

அவர் சிரித்தார். மின்விசிறியாக இருக்கும் என்று அதை நிறுத்தினார். ஒயரை மாற்றினார். பொத்திப் பொத்தி வைத்திருந்த நல்ல கண்டென்சர்களையெல்லாம் எடுத்துப் போட்டார். ஒவ்வொரு முறையும் மனைவி வாசல்படியில் வந்து நின்று உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். கடைசியில் அவரைச் சுவரைப் பார்த்து நிற்கவைத்து, சத்தம் கேட்டால் கையைத் தூக்கு என்று சொல்லிவிட்டு, பெட்டியைப் போட்டுப் போட்டு அணைத்தார். போடும்போதெல்லாம் கை எழுந்தது. ஒரு தடவைகூடத் தப்பவில்லை. பிறகு பெட்டியில் தன் காதை ஒட்டவைத்துப் பார்த்தார். சூடுதான் தெரிந்தது.

"அப்ப சத்தம் இருக்கு" என்றார். "எனக்குத்தான் கேக்கல."

"பட்டறையில இரும்பு கத்துறது கொஞ்சநஞ்சமா? காதும் இரும்பா என்ன?" என்றார் மனைவி. சொன்ன பிறகு, ஏன் சொன்னோம் என்றிருந்தது அவருக்கு.

அன்று கண்டென்சர் அண்ணன் பாட்டே போடவில்லை. பயந்துபோயிருந்தார். எத்தனை காலமாக, எந்தெந்தக் குரலின் நுனியெல்லாம் தன்னிடம் வந்து சேராமலே போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டே இருந்தார். குளம் என்று தான் கொண்டாடியது அமைதிதானா, தன் காது தூர்ந்துபோனதா என்றும் தெரியவில்லை. எல்லாவற்றையும் கழற்றி எடைக்குப் போட்டுவிடலாம் என்று திருப்புளியைக்கூட எடுத்துவிட்டார். மனைவி அதை வாங்கி மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தானும் சந்தைக்கு வருவதாகச் சொன்னார்.

வந்தார். கடைக்காரர் அவசரமாக ஒரு முக்காலியைத் துடைத்துப் போட்டார். கண்டென்சர் அண்ணன் சம்சாரத்தோடு வந்திருக்கிறார் என்று பக்கத்துக் கடைகளிலிருந்தும் தலைகள் நீண்டன. அவர் யாரையும் பார்க்கவில்லை. குவியலைக் கிளறி இன்னொரு தகரப் பெட்டியை எடுத்தார். முகர்ந்தார், கையில் தூக்கிப் பார்த்தார், கடைக்காரரின் பிளக் பாயிண்டில் செருகினார். பழக்கத்தில் தன் காதை நோக்கித் தூக்கிய கை பாதியில் நின்றது. மனைவியின் காதோரத்து முடியை மெல்ல ஒதுக்கி, பெட்டியை அங்கே பிடித்துக்கொண்டு, அவர் முகத்தையே பார்த்தபடி நின்றார்.