இடையில் நின்ற புராணப் படிப்பு

பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூசுவேன். புராணத்தைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கற்றவர்கள் கேட்டால், ஒன்றும் இல்லை என்றுதான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். "உந்தப் பழைய பாட்டுகளைப் படிச்சு என்னம்மா வரப்போகுது?" என்று போன மாதம் என் மகள் கேட்டாள். எனக்கு ஒரு பின்னேரம் நினைவுக்கு வந்தது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. சண்டைக்காலம், நாங்கள் கொக்குவிலில் இருந்தோம். அம்மாவுக்கு நிறைமாதம். அதற்கு முந்திய குழந்தை பிறந்த அன்றே போய்விட்டது. அம்மா தப்பியதே பெரிய காரியம் என்று பெரியவர்கள் கதைத்ததை ஒளித்து நின்று கேட்டிருக்கிறேன். இந்த முறை ஒன்றும் நடக்கக்கூடாது என்று, கோயிலில் புராணம் முழுவதையும் தானே வாசிப்பதாக அப்பா நேர்ந்திருந்தார்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் பாட்டை இராகத்தோடு வாசிப்பார். எதிரே இருப்பவர் பயன் சொல்வார், அதாவது பொருள் விரிப்பார். பயன் சொன்னவர் அம்மாவின் தமையன், என் மாமா. ஒரு சொல்லுக்குப் பிழையான பொருள் சொன்ன மனிதரோடு ஆறு மாதம் கதைக்காமல் இருந்தவர்.

"மச்சான், சொல்லைக் கடிச்சு விழுங்காதையும். உம்மடை வயித்துக்கையிருந்து எடுத்தே நான் பயன் சொல்லுறது?" என்பார்.

"முதல் என்னைப் பாட்டை முடிக்க விடும்" என்பார் அப்பா.

இதில் ஒரு விதி உண்டு. போர்க்களத்தில் ஒருவன் விழுந்து கிடக்கும் இடத்தில் படிப்பை நிறுத்தக்கூடாது. அவன் எழும்பும்வரை வாசிக்க வேண்டும். நிறுத்தினால் நேர்ந்தவர் வீட்டுக்கு ஆகாது.

அன்றைக்கு ஒருவன் மயங்கி விழுந்த பாட்டை அப்பா வாசித்துக்கொண்டிருந்தபோது இராணுவத்தின் ஹெலிகொப்டர் வந்தது. தாழப் பறந்து சுட்டது. எல்லோரும் ஓடினார்கள். அப்பாவும் மாமாவும் என்னை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடி, அம்மாவோடு பங்கர்க் குழிக்குள் இறங்கினார்கள். அங்கேதான் அம்மாவுக்கு வலி தொடங்கியது. சத்தம் கொஞ்சம் ஓய்ந்ததும் பக்கத்து வீட்டுக் காரில் அப்பா அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"மாமா, படிப்பு இடையிலை நிண்டுட்டுது" என்றேன்.

"பேசாமல் இரு பிள்ளை. ஹெலிக்காரன் திரும்பி வாறான்போலை."

அவருக்குக் காதில் ஏறவில்லை என்று நினைத்தேன். விழுந்தவன் இன்னும் விழுந்தே கிடக்கிறான். அவன் எழும்பாவிட்டால் அம்மாவும் எழும்ப மாட்டார். மாமா கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்துக் கோயிலுக்கு ஓடினேன்.

மண்டபத்தில் ஒருவரும் இல்லை. புத்தகம் பலகையில் விரிந்தபடி கிடந்தது. காற்று தாளைப் புரட்டியிருந்தது எனக்குத் தெரியாது. பெண்பிள்ளைகள் வாசிப்பவரின் இடத்தில் இருக்கக்கூடாது என்பது தெரியும். இருந்தேன். விரிந்திருந்த பக்கத்தின் முதல் பாட்டை எழுத்துக் கூட்டி வாசித்தேன். ஒரு சொல்லும் விளங்கவில்லை. தூரத்தில் ஹெலி மறுபடியும் இரைந்தது. விரலை எடுத்தால் வரி தவறிவிடும் என்று தாளில் அழுத்திப் பிடித்தேன்.

மாமா ஒற்றைச் செருப்போடு ஓடி வந்தார். "எடியே!" என்று கையை ஓங்கியவர், நான் வாசித்ததைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டார். பாட்டு முடிந்தது. அடி விழவில்லை. வந்து தன் வழக்கமான இடத்தில் எனக்கெதிரே இருந்தார்.

"பயனைச் சொல்லுங்கோ மாமா. அவன் எழும்பீட்டானோ?"

அவர் எட்டித் தாளைப் பார்த்தார். பிறகு, சபையே நிறைந்திருப்பதுபோல உரத்துச் சொன்னார்: "விழுந்து கிடந்தவன் எழும்பினான். அவனுக்கு ஒரு குறையுமில்லை. தாயிட்டைப் போய்ச் சேர்ந்தான்."

"இன்னொரு பாட்டு வாசிக்கட்டோ?"

"வேண்டாம். உது காணும். புத்தகத்தை மூடு."

ஒரு பாட்டுக்குக் கால் மணித்தியாலம் பயன் சொல்பவர் மூன்று வசனத்தோடு முடித்துவிட்டாரே என்று வழியெல்லாம் யோசித்தேன். என்னைப் பிடித்திருந்த அவருடைய கை வியர்த்திருந்தது. ஹெலிக்குப் பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா செத்துப் பல வருடங்களுக்குப் பிறகு, அதே கோயிலில் அதே பாட்டைக் கேட்டேன். பயத்தில் படித்த வரிகள் மறப்பதில்லை. களத்தில் செத்துக் கிடக்கும் மகனைப் பார்த்துத் தாய் அழும் பாட்டு என்று இம்முறை பயன் சொன்ன இளம் வாத்தியார் சொன்னார். சபை தலையாட்டியது. மாமா சொன்ன பயன் அந்தப் பாட்டில் எங்கும் இல்லை. அன்று ஆஸ்பத்திரியில் இருந்தவர் மாமாவுக்குக் கூடப்பிறந்த தங்கை என்பதை ஒன்பது வயதில் நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

ஹெலி வந்த அன்றைக்கு மறுநாள் விடியமுன்னமே மாமா தனியாகக் கோயிலுக்குப் போய், அப்பா விட்ட பாட்டிலிருந்து விழுந்தவன் எழும்பும்வரை வாசித்துவிட்டு வந்தார். பத்து மணிபோல, தம்பி பிறந்திருக்கிறான், தாயும் சுகம் என்று ஆள் வந்து சொன்னது.