பெருந்தேவிக்கு வந்த நோய்

இன்னொருவருடைய நோயைத் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டால் அவருக்கு அருகில் போய்விட முடியுமா? மாமல்லபுரத்துப் பெருந்தேவி போன வருடம் வாழ்ந்த விதம் இந்தக் கேள்வியைத்தான் எழுப்புகிறது. முடியும் என்று சட்டென்று சொல்லிவிடுவதற்கில்லை.

அவள் கணவர் ஆராவமுதன் கோயில் மடப்பள்ளியில் பெருமாளுக்குத் தளிகை சமைப்பவர். அந்த வேலைக்கு மடி முக்கியம். குளித்து, துவைத்த வேட்டி கட்டிக்கொண்டு உள்ளே போனால் நைவேத்தியம் முடியும்வரை உடம்பில் எந்த அசுத்தமும் படக்கூடாது. அறுபது தாண்டிய பிறகு அவருக்கு ப்ராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் வந்தது. சென்னையில் அறுவை சிகிச்சை செய்து சுரப்பியை எடுத்துவிட்டார்கள். கொஞ்ச காலம் சிறுநீர் கட்டுப்படாது, தாம்பத்தியமும் முன்போல் இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். ஆராவமுதன் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார். பெருந்தேவி, "காரம் சேத்துக்கலாமா?" என்று கேட்டாள்.

வீடு திரும்பிய அன்று காரிலிருந்து இறங்கும்போது அவர் அவள் தோளைப் பிடித்திருந்தார். வேட்டிக்குள் சிறுநீர்ப் பை. வாசலில் கீரைக்காரி கன்னியம்மா கூடையோடு நின்றிருந்தாள்.

"இன்னா மாமி, ஆஸ்பத்திரிலேர்ந்தா வர்றீங்கோ? யாருக்கு இன்னா?"

தோளிலிருந்த பிடி இறுகியது.

"எனக்குத்தான். கர்ப்பப்பைல கட்டி. எடுத்தாச்சு," என்றாள் பெருந்தேவி.

"அடப்பாவமே! அதான் சாமி புட்ச்சிகினு வர்றாரா? பாத்துப் போங்கோ."

யார் யாரைத் தாங்குகிறார்கள் என்பது தெருவுக்குத் தலைகீழாகவே தெரிந்தது. மனைவியைப் பார்த்துக்கொள்ளத்தான் அவர் வேலைக்கு வரவில்லை என்று கோயிலிலும் நம்பினார்கள். ஆராவமுதன் மறுக்கவில்லை. நன்றி என்றும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேளம்பாக்கத்தில் குடியிருக்கும் மகள் ஸ்வாதிக்கு மட்டும் உண்மை தெரியும். "என்னம்மா நாடகம் இது?" என்று போனில் கத்தினாள்.

வீட்டுக்குள் பேச்சில்லை. அவர் தன் துணிகளைப் பின்கட்டில் தானே அலசிக்கொண்டார். கட்டிலைக் கூடத்துக்கு மாற்றிக்கொண்டார்.

"வலிக்கறதா?"

"ம்ஹூம்."

"வேட்டி மாத்தணுமா?"

குளியலறைக் கதவு சாத்திக்கொள்ளும்.

மடப்பள்ளியில் அவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த ராஜாராம் ஒருநாள் விசாரிக்க வந்தான். "மன்னி எப்படி இருக்கா, அண்ணா?"

பெருந்தேவி சமையலறையில் காபி கலந்துகொண்டிருந்தாள். கூடத்திலிருந்து கணவரின் குரல் கேட்டது.

"என்னத்தச் சொல்றது, ராஜாராம். பயந்துண்டிருக்கா. உள்ள இன்னும் மிச்சம் இருக்குன்னு நெனைச்சுண்டு சரியாத் தூங்கறதே இல்ல. என்னண்ட வாயத் தொறந்து சொல்லவும் மாட்டேங்கறா."

ராத்திரி தூங்காமல் புரள்வது யார் என்று அவளுக்குத் தெரியும். காபியைக் கொண்டுபோய் ராஜாராமிடம் கொடுத்தாள். "மிச்சம் ஒண்ணும் இல்லன்னு டாக்டர் எங்கிட்டத் தெளிவாச் சொல்லிட்டார். வீணா எதுக்குப் பயப்படணும்?"

"அதை அண்ணாண்ட சொல்லுங்கோ மன்னி. அவர்தான் கவலைப்படறார்."

"இப்போ சொல்லிட்டேனே," என்றாள்.

அன்றிலிருந்து யாராவது வரமாட்டார்களா என்று அவள் வாசலைப் பார்க்கத் தொடங்கினாள். ஆள் கிடைக்காத நாட்களில் கன்னியம்மாவை நிறுத்திவைத்தாள்.

"ஒரு கட்டு சிறுகீரைக்கு இம்மா நேரமா மாமி? நா பூஞ்சேரி பக்கம் போவ வேணாமா?"

"செத்த இரு. இவர் தள்ளித் தள்ளிப் போறார், கன்னியம்மா. பழையபடி இருக்கணும்னு எல்லாம் நான் கேக்கலை. அந்த வயசெல்லாம் போயாச்சு. பக்கத்துல உக்காந்தா போறும்." கூடத்துக்குக் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தித்தான் சொன்னாள்.

"ஆம்பளைங்க அப்டிதான் மாமி. பொண்டாட்டிக்கு நோவுன்னா அவுங்களுக்கு ஒரே பேஜாரு. உடுங்கோ."

உள்ளே செய்தித்தாள் புரளும் சத்தம் நின்றிருந்தது. பதில் வர ஒரு வாரமானது, அதுவும் ராஜாராம் வந்தபோதுதான். "அவளுக்கு வெக்கம்டா. பக்கத்துல வந்தா வாடை அடிக்குமோன்னு கூச்சப்படறா." அன்று மாலை பெருந்தேவி கூடத்தில் கட்டிலை ஒட்டிப் பாயை விரித்து உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கினாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். எழுந்து போகவில்லை.

இதை அன்பு என்று சொல்லலாம். ஆனால் மூன்றாவது ஆள் இல்லாவிட்டால் அதற்கு நாக்கு எழவில்லை. யாரும் வராத நாட்களில் வீட்டில் மின்விசிறிச் சத்தம் மட்டுமே இருந்தது. பெருந்தேவியை விசாரித்தவர்கள் அநேகம். பழம் கொடுத்தார்கள், திருநீர்மலைக்கு வேண்டிக்கொண்டார்கள். அவளுக்கு உண்மையில் என்ன என்று விசாரித்தவர் ஒருவரும் இல்லை.

டாக்டர் சொல்லித்தந்த பயிற்சியை அவர் விடாமல் செய்தார். மெதுவாகச் சிறுநீர் கட்டுப்பட்டது. ரத்தப் பரிசோதனையிலும் நோயின் சுவடு இல்லை என்று வந்தது. மறுநாள் விடிவதற்குள் குளித்து, நாமம் இட்டுக்கொண்டு மடப்பள்ளிக்குக் கிளம்பினார். வழியில் எதிர்ப்பட்ட கன்னியம்மாவிடம், "மாமிக்குக் குணமாயிடுத்து. எல்லாருக்கும் சொல்லிடு," என்றார்.

அவள் சொன்னாள். அதோடு வருகிறவர்கள் நின்றுபோனார்கள். ராஜாராமும் அவரைத் தினமும் மடப்பள்ளியிலேயே பார்த்தான், வீட்டுக்கு வர வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. மதியம் வீடு திரும்பும் ஆராவமுதன் ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே, "சாத்தமுதுல உப்பு கம்மி," என்பார். சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார். கட்டில் கூடத்திலேயே இருந்தது. தன் பாயை அங்கே விரிக்க இப்போது என்ன காரணம் இருக்கிறது என்று பெருந்தேவிக்குத் தெரியவில்லை.

புரட்டாசி சனிக்கிழமை கோயிலில் கூட்டம். சேவித்துவிட்டு வந்த பெருந்தேவியை மடப்பள்ளி வாசலில் ராஜாராம் பார்த்துவிட்டான்.

"வாங்கோ மன்னி! பூரண குணம்னு அண்ணா சொன்னாரே!"

புளியோதரைப் பாத்திரத்தோடு வெளியே வந்த ஆராவமுதன், "ஆமாம், இப்போ ஒரு கொறையும் இல்ல," என்றார்.

பெருந்தேவி ராஜாராமைப் பார்த்தாள்.

"இல்ல, ராஜாராம். அவருக்குத் தெரியாது. எனக்கு இன்னும் சரியாகலை."

"ஐயையோ! உக்காருங்கோ முதல்ல." அவன் ஓடிப்போய் முக்காலியைக் கொண்டுவந்து போட்டான். அவள் உட்கார்ந்தாள். "நாளைக்கு ஆத்துக்கே வந்து பாக்கறேன் மன்னி," என்றான். ஆராவமுதன் பாத்திரத்தைக் கீழே வைக்காமல் நின்றிருந்தார்.

அதன் பிறகு யார் கேட்டாலும் அவள் அதையே சொல்கிறாள். ஏன் என்று ஸ்வாதி கேட்டபோது, அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டாள்.