பழைய துவக்குக்குப் புதிய தோட்டா

தொண்ணூறுகளின் நடுவில் இத்தாலியின் பலெர்மோவில், லிபெர்த்தா வீதிப் பக்கம் மூன்றாம் மாடி வீடொன்றில் ஒரு கிழவரைப் பராமரிக்கிற வேலை எனக்கு. ஐயா என்கிற அர்த்தத்தில் சீனியோர் என்றுதான் கூப்பிடுவேன். இருதய வருத்தக்காரர், கிழமைக்கொருமுறை டொக்டர் வந்துபோவார். மனைவி இல்லை. மிலானோவில் இருந்த ஒரே மகன் நாலு வருடமாக எட்டிப் பார்க்கவில்லை.

தகப்பன் விட்டுப்போன துவக்கு ஒன்று சீனியோரிடம் இருந்தது. அதன் தோட்டா விளிம்பில் அடிபட்டு வெடிக்கிற பழைய சாதி. இப்போது எவனும் செய்வதில்லை. கடையில் கிடைப்பது நடுவில் அடிபட்டு வெடிப்பது. குழலின் அடியைக் குடைந்து அந்தத் தோட்டாவுக்கு மாற்றினால் மறுபடி சுடலாம் என்றார். சின்ன வயதில் மகன் அந்தத் துவக்கென்றால் உயிரை விடுவானாம். அது சுடுமென்று தெரிந்தால் ஈஸ்டருக்கு வந்துவிடுவானாம்.

நான் யாழ்ப்பாணத்தில் ஏழு வருடம் லேத் பட்டறையில் நின்றவன். அதை அவரிடம் சொல்லித் தொலைத்திருந்தேன். ஆகவே என்னிடம்தான் அபிப்பிராயம் கேட்டார். குழலைக் கையில் வாங்கியதுமே எனக்கு விளங்கிவிட்டது. மெல்லிய சுவர், அந்தக் காலத்து மெத்தென்ற இரும்பு. புதிய தோட்டாவின் வேகத்துக்கு அது கிழிந்து சுடுகிறவனின் முகத்தில்தான் வெடிக்கும். அதைச் சொல்லாமல், தொழில் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுவோம் என்றேன்.

மக்வேதா வீதிக்குப் பின்னால் துவக்குத் திருத்துகிற கடைக்காரர் வீட்டுக்கே வந்தார். யோசித்துச் சொல்கிறேன் என்று சீனியோரிடம் சொல்லிவிட்டு, வாசலில் வைத்து என்னிடம் உண்மையைச் சொன்னார். குடையவே கூடாது. உள்ளே புதுக் குழல் செருகினாலும் குழலை அடைக்கிற பூட்டுத் தாங்காது. சுவரில் தொங்கட்டும், நேரம் பார்த்து நீயே சொல்லிவிடு என்றார்.

எங்கள் ஆட்கள் வருத்தக்காரரிடம் கெட்ட செய்தியை நேரே சொல்வதில்லை. முதலில் சாப்பிடட்டும், நித்திரை கொள்ளட்டும் என்போம். செத்துப்போனவரைக்கூட "கொஞ்சம் கடுமையாம்" என்றுதான் சொல்லத் தொடங்குவோம். நானும் அந்தப் பழக்கத்தில், செய்யலாமாம், குடைகிற அலகு வடக்கேயிருந்து வரவேண்டுமாம் என்று அவிழ்த்துவிட்டேன். மனுசன் அன்றைக்கே மகனுக்குத் தொலைபேசி எடுத்தார். அவனும் வருகிறேன் என்றான். அந்தக் குளிர்காலம் முழுக்க நான் போட்டதையெல்லாம் சாப்பிட்டார், தடியை ஊன்றி விறாந்தையில் நடந்தார். பொய் மருந்தாக வேலை செய்கிறதென்று, மடையன், எனக்குள் பெருமை வேறு.

ஈஸ்டருக்கு நாலு நாள் முன்பு மகன் வந்தான். நான் சீனியோருக்குச் சூப் கொண்டுபோனபோது, துவக்கு இன்னும் குடையாமல் அலுமாரியில் இருப்பதைக் கண்டு அவன் கடைக்குத் தொலைபேசி எடுத்தான். வைத்துவிட்டு, முடியாதென்று நவம்பரிலேயே உங்கள் வேலையாளிடம் சொல்லியாயிற்றாம் என்றான். பிறகு சிகரெட் பிடிக்க பல்கனிக்குப் போய்விட்டான்.

சீனியோர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் இத்தாலியனில் கேட்டதை எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

"நீ லேத் வேலை செய்தனீ. உனக்கும் தெரியும்தானே?"

"ஓம்."

தடியைக் கட்டில் காலோடு சாய்த்து வைத்தார்.

"டொக்டரும் உன்னோட வாசலில நிண்டுதான் கதைக்கிறவர். அவர் என்ன சொன்னவர்?"

கோடை முடியும்வரை இருப்பாரோ தெரியாது என்று டொக்டர் சொல்லி மூன்று கிழமையாகியிருந்தது. சூப் ஆறிவிட்டது, சூடாக்கிக்கொண்டு வருகிறேன் என்று கோப்பையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போனேன். கோப்பை இன்னும் கையைச் சுட்டது.