ஒப்பித்த கண்கள்

முகப்பேரில் மகள் படிக்கும் பள்ளியில் கண் பரிசோதனை நடந்தது. "ஃபுல் மார்க்குப்பா" என்று குதித்துக்கொண்டு வந்தாள். வீடு திரும்பும்போது, எதிரே வந்து நின்ற பேருந்தின் எண் தெரியாமல் என்னிடம் கேட்டாள்.

"அப்புறம் சார்ட்ல எழுத்தெல்லாம் எப்படிம்மா படிச்ச?"

"மிஸ் நேத்தே ஒப்பிக்க வச்சாங்க. நம்ம கிளாஸ்ல யாரும் ஃபெயிலாகக் கூடாதாம்."

மறுநாள் வகுப்பு வாசலில் போய் நின்றேன். "மத்த செக்‌ஷன்ல நாலஞ்சு பேர் ஃபெயில் சார். நம்ம கிளாஸ் சென்டம்," என்றார் ஆசிரியை, பெருமையாக.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மழையும் மரமும் முகமும் புகையாய்க் கரையும் பிள்ளைக்கு நூற்றுக்கு நூறு. கண்ணையுமா ஒப்பிக்க வைப்பார்கள்?

கரும்பலகையில் ஏதாவது ஒரு வரி எழுதி, மகளைப் படிக்கச் சொல்லுமாறு கேட்டேன். எழுதினார். கடைசி பெஞ்சிலிருந்து எழுந்த மகள் கண்ணை இடுக்கிப் பார்த்தாள்.

"இது நீங்க இன்னும் சொல்லித் தரலையே மிஸ்," என்றாள்.