மாமாவை மறுத்து எழுதும் முறை

முப்லிஹாவுக்கு எழுத்து என்றால் மேடை. ஓட்டமாவடியில் பள்ளிக்கூடம் போன காலத்தில் கட்டுரைப் போட்டி எங்கே நடந்தாலும் பரிசை அவள்தான் தூக்கிக்கொண்டு வருவாள். தொடக்கம் முழங்க வேண்டும், நடு நிமிர வேண்டும், முடிவு கைதட்டு வாங்க வேண்டும். அப்படித்தான் அவளுக்குச் சொல்லித் தந்தார்கள். பட்டம் முடித்து, மட்டக்களப்பு வாவிக்கரையில் இருக்கும் ஒரு கல்லூரியில் எழுத்துப் பாடம் நடத்தப் போனபோது அதையே அவளும் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள். தாதியர் படிப்பு, கணக்கியல், விவசாயம், எல்லோருக்கும் ஒரே அச்சு.

வேலை தற்காலிகம். எந்தப் பாடம் படித்தாலும் கடைசியில் பிள்ளை ஆய்வறிக்கை எழுதத்தானே வேண்டும், அதை ஒருவர் தனியாகச் சொல்லிக் கொடுத்தால் என்ன என்று அதிபருக்கு ஒரு யோசனை. கல்விச்சபை முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரு வருடம் தந்தது. சரிவந்தால் பாடம் நிற்கும். வராவிட்டால் பாடமும் போகும், முப்லிஹாவும் போவாள். போனால் ஓட்டமாவடியில் சின்னப் பிள்ளைகளுக்கு டியூசன்தான்.

சபையில் யார் என்ன சொன்னாலும் முடிவு விவசாயப் பகுதித் தலைவர் வினாயகமூர்த்தியின் வாயைப் பார்த்துத்தான் வரும். வாவி ஓரத்து நெல்லைப் பற்றி அவர் எழுதிய குறிப்புகளைத் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். ஆள் நல்லவர். நாக்குத்தான் அரிவாள்.

"தங்கச்சி, பாடம் தெரிஞ்சவனுக்கு எழுத வரும். தெரியாதவனுக்கு நீங்க தலைகீழா நிண்டாலும் வராது. பிறகென்னத்துக்கு இந்தக் கூத்து?" என்று முதல் நாளே முகத்துக்கு நேரே கேட்டார். அவள் சிரித்துச் சமாளித்தாள்.

முதல் தவணை முடிந்தபோது அவர் சொன்னதுதான் சரியோ என்று ஆகிவிட்டது. தாதியர் பகுதி றபீக்கா மிஸ், ஒரு பிள்ளை எழுதிய நோயாளர் அறிக்கையைத் தேநீர் அறைக்குக் கொண்டுவந்து எல்லோர் முன்னிலையிலும் உரக்க வாசித்தாள்.

"கேளுங்க, கேளுங்க. 'மனித வாழ்வில் சுவாசம் என்பது இறைவன் தந்த பெருங்கொடை. காற்றின்றி உயிரேது, உயிரின்றி உலகேது?' முப்லிஹா மிஸ், இத வாசிச்சு முடியிறதுக்குள்ள கட்டில்ல கிடக்கிற மனிசனுக்கு மூச்சு நிண்டிரும்!"

அறை குலுங்கிச் சிரித்தது. வினாயகமூர்த்தி தேநீர் புரைக்கேறி இருமினார். முப்லிஹாவுக்குக் காது சுட்டது. இன்னொருத்தியாக இருந்தால் அழுதுகொண்டு கழிப்பறைக்கு ஓடியிருப்பாள். அவள் நாற்காலியை இழுத்து றபீக்காவுக்குப் பக்கத்தில் போட்டாள்.

"சரி மிஸ். அப்ப அந்த மனிசனுக்கு மூச்சு நிக்காம எழுதுறதெண்டா முதல் வரியில என்ன வரணும்?"

றபீக்காவின் சிரிப்பு நின்றது. "அடுத்த முறை வேலைக்கு வாற தாதி இப்ப என்ன செய்யணும் எண்டது வரணும். மற்றதெல்லாம் பிறகு."

"நாளைக்கு உங்கட வகுப்பில வந்து இருக்கட்டுமா?"

"ஓம், வாங்க. பின்வாங்கில இடம் இரிக்கி."

அங்கே தொடங்கியது. அடுத்த தவணை முழுக்க முப்லிஹா கல்லூரியின் கடைசி வரிசைப் பின்வாங்குகளில்தான் கிடந்தாள். கணக்கியல் வகுப்பில் இலாபமா நட்டமா என்பதை முதலில் போட்டுவிட்டுத்தான் காரணம் சொல்வார்கள். விவசாயத்தில் முடிவைவிட வழிமுறைக்குத்தான் மரியாதை. முன்பின் தெரியாத ஒருவன் அந்த அறிக்கையைப் பிடித்துக்கொண்டு அதே வயலில் இறங்கி அதே வேலையைத் திரும்பச் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். வினாயகமூர்த்தியின் வகுப்பிலும் இருந்தாள். அவர் அவளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். ஆனால் மனிதர் அன்றைக்குக் கொஞ்சம் கூடுதல் சத்தமாகத்தான் படிப்பித்தார்.

மேடைக் கட்டுரையை அவள் மூட்டை கட்டி வைத்தாள். எந்தப் பகுதிப் பிள்ளை வந்தாலும் பேனையைத் தொடுமுன் ஒரே கேள்விதான்: "இத வாசிக்கிற ஆள் நாளைக்கு என்ன செய்யப் போறார்?" பிள்ளைகளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கிய பிறகு எழுத்து தானாக இறுகியது.

வருடக் கடைசியில் ஆய்வரங்கு. வெளியிலிருந்து பரீட்சகர்கள் வருவார்கள், பிள்ளைகள் அறிக்கையை வாசிப்பார்கள், அது முடிந்த கையோடு கல்விச்சபை கூடி எழுத்துப் பாடத்தின் தலைவிதியைத் தீர்மானிக்கும். அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் நிருஷாவின் அறிக்கை கைக்கு வந்தது. நிருஷா மண்டூர்ப் பிள்ளை, விவசாயப் பகுதி. வாவியை ஒட்டிய ஒரு வயல் வட்டையில் தாழ்வான காணியொன்றை எடுத்து, ஒரு பாத்தியில் முதல் மழையோடு விதைத்தாள். மற்றப் பாத்தியில் மழைத் தண்ணீரைத் தேக்கி, மண்ணிலுள்ள உப்போடு வடியவிட்டு, பிந்தி விதைத்தாள். முதல் மழையோடு விதைப்பதே நல்லது என்பது வினாயகமூர்த்தியின் குறிப்பு.

முப்லிஹா வாசித்துக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் 'முதல் மழையோடு விதைத்த பாத்தியில் பயிர் நுனி கருகி நின்றது' என்று இருந்தது. முடிவுரையில் 'எதிர்பார்த்தவாறே முதல் மழையோடு விதைத்ததே நல்ல விளைச்சலைத் தந்தது' என்று இருந்தது. பின்வாங்கில் இருந்திராவிட்டால் இரண்டையும் தாண்டிப் போயிருப்பாள்.

"நிருஷா, கருகின பாத்தி எப்பிடிப் புள்ள நல்லா விளைஞ்ச?"

நிருஷா ஆய்வுக் கூட்டாளி நிதுர்ஷனைப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்தான்.

"விளையல்ல மிஸ்."

"பிறகு?"

"சேர்ட நோட்ஸில அப்பிடித்தானே இரிக்கி. மாறி எழுதினா சேரப் பிழை எண்டு சொன்ன மாதிரி. மரியாதை இல்ல மிஸ். எங்களுக்கு முதல் படிச்ச அக்காமாரும் இப்பிடித்தான் எழுதினவங்க. வயல்ல ஒண்டு, அறிக்கையில ஒண்டு."

"சேர் பாவம் மிஸ், இந்த வயசில அவர ஏன் நோகடிக்கிற?" என்றான் நிதுர்ஷன். தன் புள்ளியை நினைத்துத்தான் அவனுக்கு அவ்வளவு இரக்கம்.

முப்லிஹா அறிக்கையை மூடினாள். கண்டதை எழுதச் சொன்னால் அந்த மனிதர் சபை நிறைந்திருக்க நோவார். சபையில் அவர் கை எழும்பாது. அவர் கை எழும்பாவிட்டால் வேறு கையும் எழும்பாது. பேசாமல் விட்டால் அறிக்கை வழுவழுவென்று போகும், பாடம் நிற்கும். ஆனால் அந்தக் குறிப்பை நம்பி அடுத்த மாரியிலும் யாரோ ஒருவன் வாவி ஓரத்தில் விதைத்துவிட்டுக் கருகலைப் பார்ப்பான். 'வாசிக்கிற ஆள் நாளைக்கு என்ன செய்யப் போறார்' என்று வருடம் முழுக்கப் பிள்ளைகளைக் கேட்டவள் அவள்தானே.

வீட்டில் தாய் ஹவ்வா உம்மாவிடம் இதைச் சொன்னாள். "அந்த மனிசன ஏன் மகள் பகைச்சுக்கிற? வேல கையில நிக்கிற நேரம்," என்றார் உம்மா. சொல்லிவிட்டு, கொஞ்சம் பொறுத்து, "ஆனா கண்டத மறைக்கவும் ஏலாதுதான்," என்று தானே முணுமுணுத்தார்.

அடுத்த நாள் வகுப்பில் முப்லிஹா அறிக்கையை எடுக்கவேயில்லை.

"வீட்டில ஆருக்குப் பயம் உங்களுக்கு?"

"மாமாக்குத்தான்!" வகுப்பே சிரித்தது. மண்டூர்ப் பக்கத்து வீடுகளில் தாய்மாமன் கனைத்தால் ரேடியோவையும் குறைப்பார்கள்.

"சரி. மாமா கீழ் வயலுக்குத் தண்ணி கட்டச் சொல்லுறார். கட்டினா பயிர் அழுகும். நிருஷா, நீ என்ன சொல்லுவ?"

நிருஷா எழும்பினாள். தலை தானாகக் கொஞ்சம் குனிந்தது, குரல் இறங்கியது. "'மாமா, நீங்க சொன்ன மாதிரித்தான் மேல் வயலுக்குக் கட்டின. பயிர் பச்சப்பசேலெண்டு நிக்கிது. கீழ் வயல்ல மட்டும் தண்ணி வடியுதில்ல. தென்ன மரத்தடி வரம்பால வந்தா தெரியும். ஒருக்கா வந்து பாத்துச் சொல்லுங்களன்.'"

"மாமா அடிப்பாரா?"

"சே! சாரனத் தூக்கிக் கட்டிக்கிட்டு வயலுக்குப் போவார்."

"மரியாதை குறைஞ்சதா?"

"இல்ல மிஸ். கூடின மாதிரி இரிக்கி."

"அப்ப அதையே எழுது புள்ள. சேர் சொன்னது எங்க சரியோ அத முதல்ல முழுசா எழுது. கீழ் வயல்ல நீ கண்டத பிறகு எழுது. எந்த வரம்பால வந்தா அவர் பாக்கலாம் எண்டதையும் எழுது. மிச்சத்த மாமா பாத்துக்குவார்."

ஆய்வரங்கு நாளில் மண்டபம் நிறைந்திருந்தது. நிருஷா வாசித்தாள். முழக்கம் இல்லை, கொடையும் இல்லை. மேட்டு வயல்களில் முதல் மழை விதைப்புச் சரி, வினாயகமூர்த்தி அவர்களின் குறிப்பு அங்கே தவறவில்லை. வாவியை ஒட்டிய பள்ளக்காணியில் முதல் மழை உப்பைக் கழுவவில்லை, கரைத்து வேருக்குக் கொண்டுவந்தது. இந்த இடத்தில், இந்த விதமாகத் தண்ணீர் தேக்கி வடியவிட்டுப் பார்த்தோம். யாரும் திரும்பச் செய்து பார்க்கலாம்.

வினாயகமூர்த்தி எழும்பினார். நிதுர்ஷன் கண்ணை மூடிக்கொண்டான்.

"எவ்வளவு ஆழத்தில மண் எடுத்த?"

நிருஷா சொன்னாள்.

"வடிச்ச தண்ணி எங்க போன?"

அதையும் சொன்னாள்.

"பக்கத்து வயல்ல இருந்து பசளை கசிஞ்சிருக்காதா?"

"இடையில வரம்பு உயர்த்தின சேர். மூணாம் பக்கத்தில எழுதியிருக்கம்."

அவர் மூன்றாம் பக்கத்தைப் புரட்டினார். வாசித்தார். திரும்பவும் வாசித்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பரீட்சகர்கள் பக்கம் திரும்பினார்.

"இத்தன வருஷமா என்ட நோட்ஸக் கொப்பியடிச்சுத்தான் எனக்கே திருப்பித் தந்தாங்க. நானும் சரிதானாக்கும் எண்டு இருந்திட்டன். இந்தப் புள்ளதான் அத வாசிச்சிரிக்கி. வாற போகம் நானே அந்தக் காணியில இறங்கிச் செய்து பாக்கப் போறன்." நிருஷாவைப் பார்த்து, "புள்ள, நீயும் வரணும்," என்றார்.

அதன் பிறகு எழுந்த கைதட்டு, முப்லிஹா மேடைகளில் வாங்கிய எல்லாக் கைதட்டையும் விழுங்கிவிட்டது. இத்தனைக்கும் அது அவளுக்கு விழுந்ததல்ல. அவள் பின்வரிசையில் நின்று முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கல்விச்சபை கூடியது. அவள் வெளியே விறாந்தையில் காத்திருந்தாள். உள்ளே சத்தம் கேட்டது. கதவை நோக்கி ஓரடி வைத்தாள். பிறகு காது கொடுத்தாள்.

"பாடம் வேணுமா வேணாமா எண்ட கதையே இல்ல," வினாயகமூர்த்தியின் குரல். "நிரந்தரமாக்குங்க. ஆனா கூடுதலான நேரம் எங்கட பகுதிக்கு. மிஞ்சினா தாதியருக்குக் குடுங்க."

"மிஞ்சினதா? நல்லாரிக்கே கத!" றபீக்கா மேசையில் தட்டினாள். "அவ முதல்ல வந்து இருந்தது எங்கட பின்வாங்கில சேர்!"

அதிபர் வேர்த்து விறுவிறுத்துக் கதவைத் திறந்து தலையை நீட்டினார். "மிஸ், உங்கட வேலை நிரந்தரம். அது முடிஞ்சிது. இப்ப தயவுசெய்து உள்ள வாங்க. உங்கள ஆர் எடுக்கிற எண்டுதான் அடிபடுறாங்க."

முப்லிஹா தலையை நிமிர்த்தி உள்ளே போனாள். அதற்குள் கணக்கியல்காரரும் எழும்பியிருந்தார்.